ஒம்பதாம் தொட்டிக்கு எத்தனை மார்க்

– மறுபடியும் சாஃப்ட்வேரை ஓட்டு.

– ஓட்டியாச்சு அண்ணி. மறுபடியும் நாப்பத்தொண்ணாவது இடம்தான்.

– வயசுக்கு மார்க் கூட்டச் சொன்னேனே?

– கூட்டிட்டுத்தான் ஓட்டினேன். ஒம்பதாம் தொட்டி அசையலை. ஆனா வயசுக்கு மார்க் கூட்டினதுல வேற ஒருத்தர் முதல் இடத்துக்கு வந்துட்டாரு.

– யாரது?

– வாசல்ல செடிக்குத் தண்ணி விடுற டேங்க். முப்பத்திநாலு வயசு. நம்ம சோப்பு ஃபேக்டரியிலேயே பெரிய ஆபத்து அதுதானாம். சிவப்புல காட்டுது.

– அது உடைஞ்சா என்ன ஆகும்?

– வாட்ச்மேன் செருப்பு நனையும்.

– சரி, சரி. வயசைப் பழையபடியே வை. அடுத்து எதை மாத்தலாம்னு யோசிப்போம்.

– எதுக்கு மாத்தணும் அண்ணி? தொட்டி, பாய்லர், குழாய்னு மொத்தம் அறுபத்திமூணு. எதுல ஆபத்து ஜாஸ்தியோ அது மேல, எதுல கம்மியோ அது கீழன்னு வரிசை போடத்தானே இந்த முறையையே எழுதினோம்? மேல வர்ற பன்னண்டைத் திறந்து பார்க்கப் போறோம். வரிசையும் வந்தாச்சு. நீங்க கேட்ட தொட்டி மேல வரலைன்னு இப்ப முறையையே மாத்தச் சொன்னா எப்படி? பரீட்சை முடிஞ்ச பிறகு கேள்வித்தாளைத் திருத்தற கதையா இருக்கு.

– எனக்கென்ன அந்தத் தொட்டி மேல ஆசையா? உள்ள இருக்கிறது காஸ்டிக் சோடா. அதுவும் சூடா. மேல பட்டா தோலை உரிச்சிடும்.

– அதுக்குத்தான் விளைவுல அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கேன்.

– அஞ்சு போட்டும் ஏன் நாப்பத்தொண்ணு?

– காலையிலேர்ந்து இது ஆறாவது தடவை. நல்லாக் கேட்டுக்கோங்க. மொத்தம் ரெண்டே கேள்வி. உடையுமா? உடைஞ்சா என்ன ஆகும்? முதல் கேள்விக்கு வாய்ப்புன்னு பேரு, ரெண்டாவதுக்கு விளைவுன்னு பேரு. ரெண்டு மார்க்கையும் பெருக்கணும். ஒம்பதாம் தொட்டி உடைஞ்சா விளைவு அஞ்சு. உடையற வாய்ப்பு ஒண்ணு. அஞ்சை ஒண்ணால பெருக்கினா அஞ்சு. பச்சைக் கட்டம். கணக்குன்னா கணக்கு.

– ஸ்கிரீனை இந்தப் பக்கம் திருப்பு. நானே பார்க்கறேன்.

– கூடாது. ஆய்வு பண்ணினவங்க அவங்க ரிப்போர்ட்டுக்கு வந்த மார்க்கை அவங்களே பார்க்கக் கூடாது. விதி.

– யாரு போட்ட விதி?

– நான்தான்.

– எப்ப போட்ட?

– இன்னிக்குக் காலையில.

– உனக்குப் புள்ளின்னு பேர் வச்சவங்களை நிக்க வச்சுக் கேட்கணும். பள்ளிக்கூடத்துல தொண்ணூத்தொம்பது புள்ளி அஞ்சை டீச்சர் நூறுன்னு போட்டதுக்கு, திரும்பப் போய் அந்த அரை மார்க்கைக் குறைச்சுட்டு வந்தவளாமே நீ. உன் அண்ணன் கல்யாணத்தன்னிக்கே என் காதுல சொன்னாரு. 'என் தங்கச்சிகிட்ட எதை வேணா எதிர்பாரு, பொய்யை மட்டும் எதிர்பார்க்காதே'ன்னு.

– உங்களைப் பத்தியும் என் காதுல சொன்னான். 'வரப்போற அண்ணிக்கு ஃபேக்டரியில பல்லின்னு பேரு, செங்குத்துச் சுவர்ல ஒட்டிக்கிட்டே ஏறுவா'ன்னு.

– அது ஆம்பளைங்க வச்ச பேரு. இந்த ஃபேக்டரியில ஏணி ஏறின முதல் பொம்பளை நான்தான். முதல் வாரம் கீழ கூட்டம் கூடி நின்னு வேடிக்கை பார்த்தாங்க, எப்ப விழுவேன்னு. விழலைன்னதும் பல்லின்னுட்டாங்க.

– அதுக்கு அண்ணன் இப்ப பாட்டே கட்டிட்டான். வீட்டுல ஒரு பல்லி, ஒரு புள்ளி, நடுவுல நான் பலி.

– சொல்வாரு, சொல்வாரு. அவருக்கு இந்த முறையில மார்க் போட்டுப் பாரேன், தெரியும்.

– போட்டாச்சு. முறை சரியா வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு சோதனைப் பொருள் வேணும்ல?

– நிஜமாவா? என்ன வந்துச்சு?

– பொருளோட பேரு, அண்ணன். வகை, நகரும் பொருள்; ஆனா நாலு தடவை சொன்னாத்தான் நகரும். கசிவு உண்டா? உண்டு, வாய் வழியா, வீட்டு ரகசியம். வாங்கச் சொன்னதை மறக்கிற வாய்ப்பு அஞ்சு. மறந்தா வீட்டுல விளைவு...

– அதுக்கும் அஞ்சு போடு.

– போட்டேன். இருபத்தஞ்சு. முழுச் சிவப்பு. தினமும் ஒரு தடவை ஆய்வு பண்ணணும்னு சாஃப்ட்வேர் சொல்லிச்சு.

– பன்னண்டு வருஷமா அதைத்தான் பண்ணிட்டு இருக்கேன், எந்த சாஃப்ட்வேரும் இல்லாம.

– பார்த்தீங்களா? முறையில கோளாறு இல்லை.

– உன் அண்ணன் விஷயத்துல இல்லை. தொட்டி விஷயத்துல இருக்கு. அவரு ஓட்டற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை எங்க நிறுத்தறாருன்னு தெரியுமா உனக்கு?

– ஒம்பதாம் தொட்டிக்குக் கீழ. நிழலா இருக்குன்னு.

– அந்த வழியாத்தான் பேக்கிங் ஹால் பொண்ணுங்க அறுபது பேரும் காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் போய் வர்றாங்க. சிரிச்சுப் பேசிக்கிட்டு, மேல என்ன இருக்குன்னு அண்ணாந்துகூடப் பார்க்காம.

– அதையும் சேர்த்துத்தான் விளைவு அஞ்சு வந்துச்சு. மறந்துட்டீங்களா? சாஃப்ட்வேரோட கூடவே ஒரு ரெடிமேட் முறை வந்துச்சே. எண்ணெய்க் கிணத்துக்காக எழுதினது. கடல் எவ்வளவு தூரம், ஹெலிகாப்டர் இறங்குமான்னு கேட்டுச்சு. ஹெலிகாப்டர் இல்லைன்னு பதில் போட்டதும் நம்ம மொத்த ஃபேக்டரியும் பச்சையாயிடுச்சு. அப்ப நீங்கதான் இங்க வந்து மேஜையில தட்டிச் சொன்னீங்க, 'ஹெலிகாப்டரை விடு புள்ளி, தொட்டிக்குக் கீழ யாரு நடக்கறாங்கன்னு கேளு'ன்னு. அன்னிக்குத்தான் மேனேஜர் சார் நம்ம ஃபேக்டரிக்குச் சொந்தமா ஒரு முறை எழுதச் சொன்னாரு.

– சொன்னேன்ல? அப்ப இன்னும் ஒரு கேள்வியைச் சேரு.

– என்ன கேள்வி?

– தொட்டி ஒல்லியா உயரமா இருக்கான்னு கேளு.

– ஒல்லியா உயரமா இருந்தா ஆபத்தா? அப்படிப் பார்த்தா நம்ம சார்தான் முதல் இடத்துக்கு வருவாரு.

– விளையாடாதே. செங்குத்து ஏணி இருக்கிற தொட்டி எதுன்னு கேளு.

– இந்த ஃபேக்டரியில செங்குத்து ஏணி ஒம்பதாம் தொட்டிக்கு மட்டும்தான். மத்தது எல்லாத்துக்கும் படிக்கட்டு. அண்ணி, ஒரே ஒருத்தருக்குப் பொருந்தற மாதிரி கேள்வி எழுதினா அதுக்குப் பேரு முறை இல்லை, சிபாரிசு.

– சிபாரிசுன்னே வச்சுக்கோ. பண்ண முடியுமா, முடியாதா?

– முடியும். கையால மாத்தறதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. கணக்கு என்ன சொன்னாலும் சரி, இதை மேல கொண்டு வான்னு சொல்லலாம். ஆனா ரெண்டு விஷயம் கேட்கும். காரணம் என்ன? சொல்றது யாரு? பேரு அதுலயே நிக்கும். அழிக்க முடியாது.

– அப்ப உன் பேரைப் போடேன்.

– நான் அந்தத் தொட்டியை ஜன்னல் வழியாப் பார்த்ததோட சரி. காரணம்னு என்ன எழுதறது? 'அண்ணிக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு'ன்னு எழுதட்டுமா?

– எழுது.

– அண்ணி.

– எழுதேன். அதுதான் நிஜம்.

– மனசுக்கு இதுல கட்டம் கிடையாது. டீ ஆறிடுச்சு பாருங்க, குடிங்க.

– இந்த ரூம்ல டீ குடிச்சாலும் சோப்பு வாசனை. பக்கத்துலயே சோப்பு அறுக்கற ஹாலை வச்சுக்கிட்டு எப்படித்தான் உட்கார்ந்திருக்கியோ. மணி என்ன?

– மூணு நாப்பது.

– சார் நாலு மணிக்கு வந்து பட்டியலைப் பூட்டிடுவாருன்னு சொன்னியே. நிச்சயமா நாலுதானா?

– நாலுன்னா நாலு. அதுக்கு மேல மாத்தணும்னா அடுத்த வருஷம் ஆய்வுக்காக ஃபேக்டரியை நிறுத்தற வரைக்கும் காத்திருக்கணும்.

– ஒரு வருஷமா...

– ஏன் அண்ணி, ஒரு வருஷம் தாங்காதா அந்தத் தொட்டி? உங்க ரிப்போர்ட்டைப் படிச்சா அது இன்னும் இருபது வருஷம் தாங்கும்போல இருக்கே.

– ரிப்போர்ட் கிடக்கட்டும்.

– ரிப்போர்ட்டை எப்படிக் கிடக்கட்டும்னு விடறது? வாய்ப்புக்கு மார்க் வர்றதே அதுலேர்ந்துதான். தகடு எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு எட்டு இடத்துல அளந்திருக்கீங்க. கீழ நாலு, மேல நாலு. எட்டுமே நல்லா இருக்கு. அதுக்கு அடுத்த கேள்வி, கடைசியாப் பண்ணின ஆய்வை எவ்வளவு நம்பலாம்? யாரு பண்ணினதுன்னு பார்த்தேன். நம்ம பல்லி. அதனால முழு நம்பிக்கை. இந்த ரெண்டும் சேர்ந்துதான் தொட்டியை நாப்பத்தொண்ணுல உட்கார வச்சிருக்கு.

– அந்த நம்பிக்கையைக் குறைச்சா?

– குறைச்சாத் தொட்டி மேல ஏறும்.

– எவ்வளவு மேல?

– பாதி நம்பிக்கைன்னா பதினஞ்சு, பதினாறு. துளியும் நம்பிக்கை இல்லைன்னா முதல் இடம்.

– அப்ப குறைச்சுடு.

– குறைக்கறதா? உங்க கையெழுத்தை நான் சந்தேகப்படணுமா?

– ஆமா, சந்தேகப்படு. நாத்தனார்தானே நீ? ஊர் உலகத்துல நாத்தனார்னா அண்ணியைச் சந்தேகப்படறதுதான் வேலையே. நீ ஒருத்திதான் அந்த வேலையை ஒழுங்காப் பண்றதே இல்லை.

– உங்க சமையலைச் சந்தேகப்பட்டிருக்கேன்.

– புள்ளி.

– சரி, சிரிக்கலை. சொல்லுங்க. எதுக்காகச் சந்தேகப்படணும்? கருவி கெட்டுப்போயிருந்துச்சா?

– கருவி நல்லாத்தான் இருந்துச்சு.

– மழையா?

– மழை இல்லை. நல்ல வெயில். காத்து மட்டும் கொஞ்சம் இருந்துச்சு.

– அப்புறம் என்ன?

– கதவு சாத்தியிருக்கா?

– சாத்தியிருக்கு. அந்தப் பக்கம் மெஷின் போடற சத்தத்துல நாம கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

– நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. ஸ்கிரீனைப் பாரு. என்னைப் பார்க்காதே.

– பார்க்கலை.

– கீழ நாலு இடத்தை அளந்தேன். கருவியை இடுப்புல செருகிக்கிட்டு ஏற ஆரம்பிச்சேன். எத்தனையோ தடவை ஏறின ஏணிதான் அது. பாதி தூரம் போயிருப்பேன். ஒரு கை எடுத்து அடுத்த படியைப் பிடிக்கணும். கை வரலை.

– வலியா?

– வலி எல்லாம் இல்லை. கை என் சொல்பேச்சைக் கேட்கலை, அவ்வளவுதான். அப்புறம் காலும் கேட்கலை. கீழ பார்த்தேன். பதினேழு வருஷத்துல நான் கீழ பார்த்ததே இல்லை புள்ளி. அன்னிக்குப் பார்த்தேன். பேக்கிங் ஹால் கூரை தீப்பெட்டி மாதிரி தெரிஞ்சுது. ஏணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன், குழந்தை அம்மா கழுத்தைக் கட்டிக்கிற மாதிரி. எவ்வளவு நேரம்னு தெரியலை. ஷிஃப்ட் மாறற சங்கு ஊதினப்ப இன்னும் அங்கயேதான் இருந்தேன்.

– யாரும் பார்க்கலையா?

– பார்த்தாங்க. கீழேர்ந்து ஒருத்தன், 'என்னக்கா, பல்லி மாதிரி அப்படியே ஒட்டிக்கிட்டீங்க'ன்னான். சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்ச தெம்புல ஒரு படி இறங்கினேன். அப்படியே ஒவ்வொரு படியா எண்ணிக்கிட்டே கீழ வந்து சேர்ந்தேன்.

– அப்ப மேல இருக்கிற நாலு அளவு?

– ஏறலை. பழைய ரிப்போர்ட்டை எடுத்து வச்சுக்கிட்டேன். அதுல இருந்த நாலையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு ஏறிடலாம், ஏறினதும் திருத்திடலாம்னு நினைச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னே பதினாலு மாசம் ஆயிடுச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதும்பாங்க. மறைக்க முடியுது புள்ளி. ஆனா தினம் அந்தச் சோத்தையே சாப்பிடணும்.

– மத்த தொட்டிங்க?

– மத்த எல்லாத்துக்கும் படிக்கட்டு. அதுல பயம் வரலை. எல்லாமே நான் பார்த்து, தொட்டு, அளந்து எழுதினது. பொய் இந்த ஒண்ணுதான். ஆனா காஸ்டிக்கும் காத்தும் சந்திக்கிற மட்டம் மேலதான் இருக்கு. தேய்ஞ்சா அங்கதான் தேயும். கீழ நாலும் நல்லா இருக்குங்கிறதை வச்சு எதுவும் சொல்ல முடியாது.

– அண்ணன்கிட்ட சொல்லலையா?

– அவருகிட்ட சொன்னா ராத்திரிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். நீயே சொன்னியே, கசிவு வாய் வழியான்னு. அவரு வண்டியை அங்கேர்ந்து எடுக்க வைக்க நான் படாத பாடு இல்லை. பறவை எச்சம் போடும்னேன். நிழல்ல பேட்டரி கெட்டுப்போகும்னேன். 'உனக்கு ஏன் என் நிழல் மேல கண்ணு'ன்னு கேட்டாரு. நேத்து அந்த வழியா வரும்போது அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தி என்னை நிறுத்திக் கேட்டா, 'அக்கா, இந்தத் தொட்டி நல்லாத்தானே இருக்கு, சொட்டு சொட்டா ஏதோ விழற மாதிரி இருக்கே'ன்னு. நான் அண்ணாந்து பார்த்துட்டு, காஸ்டிக் இல்லை, குழாய்ல வேர்த்த தண்ணின்னு சொன்னேன். நிஜமாவே தண்ணிதான், தொட்டுப் பார்த்தேன். ஆனா அவ என்னை நம்பின விதம் இருக்கு பாரு... என் முகத்தைப் பார்த்தா, சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டா. அவ்வளவுதான். ராத்திரி பூரா தூங்கலை. காலையில நேரா உன்கிட்ட வந்து உட்கார்ந்துட்டேன், எப்படியாவது உன் கணக்கே அந்தத் தொட்டியைத் திறக்கச் சொல்லிடாதான்னு. நான் வாயைத் திறக்காமலே.

– திறந்தா உங்க அளவு பொய்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே.

– தெரிஞ்சா தெரியட்டும். திறந்தாப் போதும்.

– அண்ணி, இப்ப திரும்பிக்கலாமா?

– திரும்பு. கண்ணைத் துடைச்சுட்டேன்.

– ஸ்டூல் மேல ஏறி பல்பு மாத்தறதுக்கே அண்ணனைக் காலைப் பிடிச்சுக்கச் சொல்றவ நான். பதினேழு வருஷம் ஏறினவங்களுக்கு ஒரு நாள் கை வரலைன்னா நான் சிரிப்பேனா?

– ஏறாததுக்கு நீ சிரிக்க மாட்டேன்னு தெரியும். எழுதினதுக்கு?

– எழுதினதுக்கும் சிரிக்க மாட்டேன். கோபம் வருது. நிறைய வருது. அதை வீட்டுல போய்ப் பட்டுக்கறேன். இப்ப ஒண்ணு சொல்றேன், கேட்பீங்களா?

– சொல்லு.

– தொட்டியைத் திறந்த பிறகு தெரிஞ்சா அதுக்குப் பேரு மோசடி. திறக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டா அதுக்குப் பேரு திருத்தம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது உங்க வாய்தான். இந்தாங்க, கீபோர்டு. கடைசி ஆய்வை எவ்வளவு நம்பலாம்ங்கிற கட்டத்தைத் திறந்து வச்சிருக்கேன். உங்க பேர்ல உள்ள போயிருக்கேன்.

– என் பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்?

– உங்க கல்யாண நாள். அண்ணன் மறக்கிறதனால நீங்களாவது வச்சுக்கிட்டீங்க.

– என்ன எழுதறது?

– எங்கிட்ட சொன்னீங்களே, அதுல அழுகையை மட்டும் எடுத்துட்டு எழுதுங்க.

– 'மேல் வரிசை நாலு இடமும் நான் ஏறி அளக்கவில்லை. பழைய ரிப்போர்ட்டில் இருந்து எடுத்து எழுதினேன். இந்த ஆய்வை நம்ப வேண்டாம்.' போதுமா?

– ஏன்னு கேட்பாங்க.

– 'ஏணியில் பயந்துவிட்டேன்.' எழுதவே கூசுது புள்ளி. பதினேழு வருஷம் பல்லின்னு பேரெடுத்துட்டு.

– பல்லிக்கு வால் அறுந்தாத் திரும்ப முளைக்கும். சேமிங்கிற பட்டனை நீங்களே அமுத்துங்க.

– அமுத்திட்டேன். இப்ப ஓட்டு. எத்தனையாவது?

– பொறுங்க, கதவைத் தட்டறாங்க. உள்ள வாங்க சார்.

– சுருக்கமா முடிச்சுக்கலாம்மா. மூணு மாடி ஏறி வந்திருக்கேன், முட்டி ரெண்டும் பேசுது. லிஃப்ட் போடறேன்னு போன வருஷமே சொன்னாங்க, அதுக்கு முந்தின வருஷமும் சொன்னாங்க, அந்தக் கோப்பு எங்க இருக்குன்னு கேட்டா லிஃப்ட் இல்லாததால மேல வரலைங்கறாங்க. அட, அண்ணியும் இங்கதான் இருக்கீங்களா. நல்லதாப் போச்சு. சொல்லுங்க.

– சார், நான் ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாதீங்க.

– நான் எப்பம்மா குறுக்க பேசியிருக்கேன்? சரி, பேசலை.

– ஒம்பதாம் தொட்டியோட போன வருஷ ரிப்போர்ட்ல மேல் நாலு அளவு பொய். நான்தான் எழுதினேன். பாதி ஏணியில பயந்து இறங்கிட்டேன். யாரும் கண்டுபிடிச்சு நான் சொல்லலை, நானாவே சொல்றேன். சாஃப்ட்வேர்லயும் இப்பதான் என் பேர்ல எழுதியிருக்கேன். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கறேன்.

– வேற எந்த ரிப்போர்ட்டாவது?

– இல்லை சார். இது ஒண்ணுதான். ஆனா என் வார்த்தையை நம்பி விடாதீங்க. எல்லாத்தையும் வேற ஆளை வச்சுச் சரிபாருங்க.

– பார்க்கத்தான் போறோம். எழுத்துல ஒரு எச்சரிக்கை வரும்மா, அதைத் தவிர்க்க முடியாது. ஆறு மாசத்துக்கு நீங்க போடற ஒவ்வொரு கையெழுத்துக்குக் கீழயும் இன்னொரு கையெழுத்து இருக்கும். வருத்தமாத்தான் இருக்கும்.

– இருக்கட்டும் சார்.

– ஏணியில பயம் வந்துச்சுன்னா அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சாரம் கட்டிக் கொடுத்திருப்பேன். மூணு மாடிக்கே மூச்சு வாங்கற ஆளு, உங்களைப் பார்த்துச் சிரிப்பேனா?

– நீங்க சிரிக்க மாட்டீங்க. கீழ நின்னு சிரிக்கறவங்க இருக்காங்க சார்.

– அவங்கள்ல ஒருத்தன்கூட அந்த ஏணியில நாலாவது படிக்கு மேல போனது கிடையாது. அது எனக்குத் தெரியும்.

– சார், என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா நாலு மணிக்குப் பட்டியலைப் பூட்டறதுக்கு முன்னாடி அந்தத் தொட்டியை மட்டும் எப்படியாவது சேர்த்துடுங்க. நாப்பத்தொண்ணாவது இடத்துல கிடக்கு. இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. புள்ளி, நீ ஏன் குனிஞ்சுக்கிட்டே இருக்க? சாருகிட்ட சொல்லேன்.

– அவங்க என்னத்தைச் சொல்லுவாங்க? நாப்பத்தொண்ணுன்னு யாரும்மா சொன்னாங்க? பட்டியல்ல நான் காலையில ஒம்பது மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டேன், முதல் வரியே ஒம்பதாம் தொட்டிதான், சாரத்துக்கும் சொல்லியாச்சு, பேக்கிங் ஹால் பொண்ணுங்களைப் பின்பக்க வழியா விட்டாச்சு, உங்க வீட்டுக்காரர் வண்டியைக்கூட வெயில்லதான் நிறுத்தியிருக்காரு, காலையிலேர்ந்து புலம்பிக்கிட்டு. மேல் நாலு அளவும் பழசோட அச்சு அசலா ஒத்துப்போகுதுன்னு உங்க நாத்தனார்தான் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தாங்க, விசாரணைக்கு எழுதலாம்னு நான் பேனாவைத் திறந்தா, 'எங்க அண்ணி தானாவே வந்து சொல்லுவாங்க சார், நாலு மணி வரைக்கும் பொறுங்க'ன்னு அதைப் பிடுங்கிக்கிட்டு ஓடி வந்துட்டாங்க. நான் இப்ப மூணு மாடி ஏறி வந்தது அந்தப் பேனாவை வாங்கிட்டுப் போகத்தான்.